மாத்திரைப் பொட்டலத்தில் என் கையெழுத்து

எங்கள் ஆய்வுப் படிவத்தில் அந்தக் கேள்வி கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. ‘டாக்டர் எழுதித் தராமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது உண்டா?’ அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்போம். பதில் சொல்கிறவர்கள் அடுப்பைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கும் காலை மடக்கி உட்கார்ந்து முட்டி மரத்திருக்கும். “காய்ச்சல், தலைவலின்னா எப்பவாவது” என்பார்கள். ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

இந்த ஆய்வு வேலைக்கு முன்பு அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். அது மூடியபோது, சிறுநீரக நோய் பற்றிக் கிராமங்களில் ஆய்வு செய்யும் ஒரு டாக்டர் அம்மா ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன். பயிற்சியின் முதல் நாளிலேயே அவர் சொன்னது நினைவிருக்கிறது. “முன்னாடி கிராமத்துக்குள்ள காய்ச்சலையும் வயித்துப்போக்கையும் தேடிப் போனோம். இப்ப சத்தமே இல்லாம வர்ற நோயத் தேடிப் போறோம். சர்க்கரை இல்லாதவங்களுக்கும் கிட்னி போகுது. ஏன்னு தெரியல. நீங்க கொண்டு வர்ற பதில்லதான் அது இருக்கு.”

எங்கள் வீடு ஆழ்வார்குறிச்சியில். என் கணவர் அங்கே மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். நான் போக வேண்டிய ஊர்கள் கடனாநதிக் கரையில், எல்லாம் பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள். சின்ன வயதிலிருந்து பார்த்த ஊர்கள்தான். ஆனால் வீடு வீடாக நுழைந்தபோதுதான் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று தெரிந்தது. நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. அறுப்புக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. ரோட்டோர வயல்களில் பிளாட் போட்டுக் கல் நட்டிருந்தார்கள். ஆண்கள் பேட்டைப் பட்டறைகளுக்கும் திருப்பூருக்கும் போய்விட, வயலில் குனிந்து நின்ற பெண்களெல்லாம் வீட்டுக்குள் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார்கள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை.

அப்படி ஒரு தெருவில்தான் அவளைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். புருஷன் பேட்டையில் லேத் பட்டறையில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவான். அவள் முகம் உப்பிப் பளபளவென்று இருந்தது. நல்ல சாப்பாடு போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். இத்தனை வருடம் நோயாளிகளோடு பழகியும் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

பிரஷர் பார்த்தேன். காட்டிய எண்ணை நம்ப முடியவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்த்தேன். மெஷின்தான் கெட்டுவிட்டது என்று என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் காட்டியது.

“ஒனக்கு மண்டை இடிக்கலையா?”

“இடிக்கும்க்கா. வெயில்னு நெனச்சுக்கிடுவேன்.”

“தண்ணி நெறையக் குடிப்பியா?”

அவள் சிரித்தாள். “தண்ணி குடிச்சா எந்திரிச்சுப் போணும்லா. எந்திரிச்சா கட்டு கொறையும். சாயங்காலம் மொத்தமா ஒரு சொம்பு குடிப்பேன்.”

பேசும்போதும் அவள் கை ஓடிக்கொண்டிருந்தது. இலையை வைப்பதும் தூளை நிரப்புவதும் உருட்டி நூல் சுற்றுவதும் அவள் கண் பார்க்காமலே நடந்தன. கணுக்காலில் கொலுசு சதைக்குள் அமுங்கிக் கிடந்தது. விரலால் அமுக்கினேன், குழி விழுந்து அப்படியே நின்றது.

மாத்திரைக் கேள்விக்கு வந்தபோது அவளும் “இல்லக்கா” என்றாள். பேனா கட்டத்துக்குப் போய்விட்டது. அப்போது அவளாகவே, “மேலு வலிக்கு செட்டு மாத்திரை போடுதேன். அதெல்லாம் மாத்திரைல சேத்தியா?” என்று கேட்டாள்.

“எப்பவாவதா?”

“தெனமும்தான். காலைல ஒரு செட்டு. கை ஓடலன்னா மத்தியானம் இன்னொண்ணு. எங்க தெருவுல எல்லாரும் போடுதாங்க. அது இல்லாம இப்பிடி உக்கார முடியாதுக்கா, முதுகு விண்டு போவும்.”

“எத்தன வருசமா?”

“நடவுக்கு மெஷின் வந்த பொறவு பீடிக்கு உக்காந்தேன். அப்ப இருந்து.”

காட்டச் சொன்னேன். பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே பொட்டலங்கள். பீடிக் கட்டைப் போலவே ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துப் பிரித்து என் கையில் கொடுத்தாள். ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள், மிகச் சின்னதாக இன்னொன்று. மாத்திரைகளை இடது கையில் தட்டிக்கொண்டு, பெயர் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தாளைத் திருப்பினேன்.

கோடு போட்ட நோட்டுத் தாள். சொல்வதை எழுதும் பரீட்சை. உருண்டை உருண்டையான எழுத்து. ‘ஆற்றங்கரை’ என்ற சொல்லில் ஒரு ‘ற்’ விட்டுப்போய்ச் சிவப்பு மையில் சுழித்திருந்தது. அடியில் ஒரு கோடு போட்டு ‘பெற்றோர் கையொப்பம்’. கோட்டின் மேல் என் கையெழுத்து.

என் மகள் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும்போது போட்டது. அவள் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். போன பொங்கலுக்கு அலமாரியை ஒழித்தபோது அவளுடைய பழைய நோட்டுகளையெல்லாம் நான்தான் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பொட்டலம் மடிக்க ஆகும்” என்று சொன்னதும் நான்தான். என்ன பொட்டலம் என்று கேட்டுக்கொண்டதில்லை.

அவள் ஏதோ சொல்கிறாள், வாய் அசைவதுதான் தெரிகிறது. ரத்தம் எடுக்கச் சம்மதம் என்று எழுத்துக்கூட்டி அவள் கையெழுத்துப் போட்டுத் தந்த தாள் என் மடியில் இருந்தது. அதற்கு மேல் இந்தத் தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“யக்கா, என்ன மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு? தண்ணி வேணுமா?”

சொம்பை நீட்டினாள். முழுவதும் குடித்தேன். பிறகு, தெரிந்ததையே கேட்டேன். “எந்தக் கடைல வாங்குத?”

“ஆழ்வாருச்சில நம்ம அண்ணாச்சி கடைலதான். தங்கமான மனுசன்க்கா. நாம வாய் தொறக்கதுக்கு முன்னயே, இடுப்பா முதுகான்னு கேட்டு மடிச்சுத் தந்துருவாவ.”

அந்த அண்ணாச்சி என் வீட்டுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் எடுத்தேன், சிறுநீர் வாங்கினேன், டாக்டர் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் வரை நடந்தது எப்படி என்று தெரியவில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், கடையில் யாரும் இல்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னட்டி, இந்த நேரத்துல வந்து நிக்க?”

பொட்டலத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பிரித்தேன். “இதுல இருக்கது என்னதுங்க?”

வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் யோசிக்காமல் பெயர் சொன்னார். சின்ன மாத்திரைக்கு வந்தபோது ஒரு நொடி நின்றார். “இது கொஞ்சம் தெம்புக்கு. இத வச்சாத்தான் வலி டக்குனு நிக்கும். எல்லாக் கடையிலயும் வைக்கதுதான்.”

“அது என்ன மருந்துன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா தெனமும் திங்கக் குடுத்திய?”

“தெனமும் திங்கச் சொன்னனா நான்? மேலு வலின்னு வாரா, ஒரு செட்டு குடுக்கேன். மறுநாளும் வந்து நின்னா நான் என்ன செய்ய? இல்லன்னு சொன்னா எதுத்த கடைக்குப் போவா. ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லு, ஒரு நா வேலைய விட்டுட்டு அவ போவாளா?” குரலைத் தணித்துக்கொண்டார். “போன வருசம் இடுப்பத் தூக்க முடியலன்னு கெடந்தியே. ஒனக்கும் இதத்தான தந்தேன். மறுநாளே எந்திரிச்சு நடந்தியா இல்லியா?”

நடந்தேன். அன்றைக்கு அவ்வளவு லேசாக இருந்தது உடம்பு. அவர் கையில் ஏதோ ராசி இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன்கூட. என்னைக் கெடுக்க நினைத்து யாரும் அதைத் தரவில்லை. தன் பெண்டாட்டிக்குக் கொடுத்ததைத்தான் அவர் ஊருக்கும் கொடுத்திருக்கிறார். கெட்ட மனுஷனாக இருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அம்மா போன் செய்தார். “அந்தப் பொண்ணை உடனே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.” அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பாளையங்கோட்டைக்குக் காரில் கூட்டிப் போனோம். வழியெல்லாம் அவள் முடிக்காமல் வைத்துவிட்டு வந்த இலையைப் பற்றியே பேசினாள். நனைத்த இலை காய்ந்து போகுமே என்று. புருஷன் பட்டறை உடுப்போடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள்.

அவளுக்கு அது புரியவில்லை. “யக்கா, இனி தண்ணி நெறையக் குடிச்சா சரியாயிருமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இனிமேல் தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் டாக்டர் அம்மாவிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். சின்ன மாத்திரையை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தவர், “இது ஸ்டீராய்டு. முகம் அப்படி ஊதினதுக்கு இதுவும் ஒரு காரணம்” என்றார். “வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது. இத்தனை வருஷமா, அதுவும் தண்ணியே குடிக்காம.”

“அப்ப இதனாலதானா டாக்டர்?”

“அப்படி ஒண்ண மட்டும் கை காட்ட முடியாதும்மா. பிரஷர் முதல்ல வந்துச்சா, கிட்னி கெட்டதால பிரஷர் வந்துச்சா, வயல்ல வெயில்ல நின்ன காலத்துலயே ஆரம்பிச்சுதா... தெரிஞ்சிருந்தா நாம ஏன் வீடு வீடாப் போறோம்? ஆனா இது நல்லது செஞ்சிருக்காது. அது மட்டும் நிச்சயம்.”

அப்போது சொன்னேன். கடை யாருடையது, தாள் யாருடையது, எல்லாவற்றையும். நான் இந்த வேலையில் இருக்கலாமா என்றும் கேட்டேன். அவர், “இதுவரைக்கும் நீங்க நிரப்பின படிவத்துல அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்திருக்கு?” என்று கேட்டார்.

அதுவரை அது என் மனதில் வரவே இல்லை. அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையிலேயே இருக்கும் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து என் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இல்லை, இல்லை, இல்லை. நான் போட்ட டிக்குகள். அந்தத் தெருவிலேயே, அவளுக்கு முந்தின வீட்டிலும் அதற்கு முந்தின வீட்டிலும் ‘இல்லை’. அவர்கள் பொய் சொல்லவில்லை. டாக்டர் எழுதித் தராத மாத்திரை என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? மேலு வலிக்கு என்ன போடுதிய என்று அவர்கள் வாய்ப்பேச்சில் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மடித்துக் கொடுத்ததும் நான் டிக் போட்டதும் பக்கத்துப் பக்கத்து வேலைகளாகத்தான் நடந்திருக்கின்றன.

எல்லா வீடுகளுக்கும் திரும்பப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தத் தெருவுக்கு மட்டும் என்னை அனுப்பாமல் வேறொரு பெண்ணை அனுப்பினார் டாக்டர் அம்மா. அதுதான் சரி. கேள்வியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, பேசுகிற தமிழில் மாற்றி எழுதினோம். அந்தப் பெண் முதல் நாள் போய்விட்டு வந்து மேஜையில் பையைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் காட்டுவதற்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கடைப் பொட்டலம் மட்டும் இல்லை, நாலைந்து கடைகளுடையது இருந்தது.

வீட்டில் நான் என் கணவரிடம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுடைய நிலைமையை மட்டும் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “எந்தப் பிள்ள? பச்சக் கல்லு மூக்குத்தி போட்டிருக்குமே, அதுவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. என்னோடு பஸ் ஏறினார். பாளையங்கோட்டையில் இறங்கி ஒரு பை நிறையச் சாத்துக்குடி வாங்கினார். வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் பையைப் பார்த்துவிட்டு, “இது இவங்களுக்குக் கூடாதுங்க. பழச்சாறு எதுவுமே கூடாது, கிட்னி போனவங்களுக்கு ஆபத்து” என்றார்.

“சாத்துக்குடி கூடவா?” என்று கேட்டார். இத்தனை வருடம் மருந்துக்கடை வைத்திருந்த மனுஷன்.

அவள் அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். கழுத்தில் குழாய் மாட்டியிருந்தது. “அண்ணாச்சி, நீங்க எங்க இங்கன?” என்றாள். நான்தான் சொன்னேன், இவர் என் வீட்டுக்காரர் என்று. அன்றைக்கே தெரிந்தும் உன்னிடம் மறைத்தேன் என்றும் சொன்னேன். அந்த மாத்திரை உன் உடம்புக்குக் கெடுதல் செய்திருக்கிறது என்றும்.

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று காத்திருந்தேன். புருஷன்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“அண்ணாச்சி, கெடுதல்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?” என்றாள். அவ்வளவுதான். சத்தம்கூட உயரவில்லை.

அவர் பையோடு வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். “நான் நல்லது செய்யுதேன்னு நெனச்சேன்ட்டி” என்றார். “சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன்.” அவரை நான் தேற்றவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

கடையில் செட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். முதல் வாரம் பெண்கள் வந்து சண்டை போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்ததைச் சொல்லிப் பார்த்தார், பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டிப் பார்த்தார். ஒருத்தி, “அப்ப எங்களுக்கு வலிக்கதுக்கு என்ன வழி, அதச் சொல்லும்” என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டாளாம். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். என் ரத்தத்தையும் பரிசோதித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. நிம்மதியாக இருந்தது என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது.

அவள் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிசுக்குப் போகிறாள். முகத்தின் வீக்கம் வற்றிவிட்டது. கன்னம் ஒட்டி, வேறு ஆள் மாதிரி இருக்கிறாள். ஆபீசுக்குப் போகும் நாட்களில் சில சமயம் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். கோபம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அவளாக ஜன்னல் சீட்டை எனக்கு விடுவாள், குமட்டல் வந்தால் மட்டும் மாறிக்கொள்வாள்.

போன வாரம் அப்படிப் போகும்போது, “எங்க மைனி ஒங்க வீட்டு அண்ணாச்சியத் திட்டுதா” என்றாள். அவளுடைய அண்ணன் மனைவி, அதே தெருவில் பீடி சுற்றுகிறவள். இவளுக்கு இரண்டு முறை டயாலிசிசுக்குத் துணையாக வந்து, மெஷினில் ரத்தம் சுற்றுவதைக் கிட்ட நின்று பார்த்தவள்.

“எதுக்குத் திட்டுதா?”

“மாத்திரைக்கு எதுத்த கடைல போயி நிக்க வேண்டியிருக்குல்லா. அங்க கூட்டமாம்.”

நான் அவள் முகத்தையே பார்த்தேன். “இன்னுமா போடுதா? ஒன்னப் பாத்த பொறவுமா? நீ சொல்லலியா?”

“சொன்னேன்க்கா. எல்லாம் தெரியும்ங்கா.” மடியிலிருந்த ஆஸ்பத்திரி நோட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். “ஆனா விடிஞ்சா சொளவ எடுத்து மடில வைக்கணும்லா.”

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே கேட்டு வாங்கினாள்.